கையைத் தூக்கி நிற்கும் டீச்சர்

அன்பு மகள் சின்னவளுக்கு,

அப்பா தன் கையாலேயே எழுதுவது. யாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. பேனா இன்னும் எனக்கு அடங்கவில்லை. வரி மேலே ஏறும், கீழே இறங்கும், ஒரு எழுத்து பூசணிக்காய் மாதிரியும் அடுத்தது எறும்பு மாதிரியும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. ‘ழ’ வரும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இந்தப் பத்திக்கு ஒரு மணி நேரம் ஆனது. எழுதிவிட்டு நான்கு முறை படித்துப் பார்த்தேன். நான் நினைத்தது அப்படியே அதில் இருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். என் முழங்கால் எப்போதும் போல முனகுகிறது.

அப்பா நாலு மணிக்கு நடக்கப் போகிறார் என்று அண்ணி உனக்கு எழுதியிருப்பாள். நடப்பது உண்மைதான். நூலகத்து மாடி வரை நடக்கிறேன். அங்கே பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். போக ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. பாதியில் நின்றுவிட்டால் மானம் போகும் என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

நாங்கள் பதினொரு பேர். காய்கறிக்காரம்மா, தையல்காரர், கொத்தனார் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி என்று பலரும் உண்டு. பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தது, முழங்கால் இடிக்கும். டீச்சருக்கு உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். முதல் நாளே எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் கிடங்கு வாசலில் காவல் நின்றவன் நான். ஒருவர் காரணம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தால் என் மீசை தானாகத் துடிக்கும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வாசலிலேயே நின்றுகொண்டு ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து அவரவர் நோட்டை எடுக்க வேண்டும், அவரவர் இடத்தில் உட்கார வேண்டும், கரும்பலகையில் இருக்கும் ஒரு வரியைப் பார்த்து எழுத வேண்டும், பேசக்கூடாது. நாங்கள் சந்தை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு நுழைந்தோம். “பரவாயில்ல, வெளிய போய்ட்டு இன்னொரு தடவை வாங்க” என்றார். போய்விட்டு வந்தோம். “இன்னும் ஒரே தடவை” என்றார். காய்கறிக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “என் மாமியார்கூட என்னை இத்தனை தடவை வெளிய அனுப்பினதில்லம்மா” என்றாள். மூன்று தடவை நுழைந்தோம். யாரோ ஒளிந்து நின்று எங்களைப் படம் பிடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

பிறகு கையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நிற்பார். அதைப் பார்த்தால் நாங்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டுமாம். நான் கடைசி பெஞ்சிலிருந்து, “டீச்சர், இந்த வழியா பஸ் வராது, கையை இறக்குங்க” என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கை இறங்கவே இல்லை. கடைசியில் எங்களுக்கே கூச்சமாகிவிட்டது.

அதோடு ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். யாராவது ஏதாவது செய்தால் உடனே அதில் எழுதுவார். என்னைப் பார்த்துத்தான் அதிகம் எழுதினார். வகுப்பிலிருந்து வெளியேற்றப் பட்டியல் போடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். தையல்காரரிடமும் சொன்னேன். அவர், “முதல் பேரு உம்மோடதுதான்யா” என்று சொல்லிவிட்டுத் தன் நோட்டில் குனிந்துகொண்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருநாள் டீச்சர் சாக்பீஸ் எடுக்கக் கீழே போனார். நோட்டு மேசை மேல் இருந்தது. நான் எழுந்து போய்த் திறந்தேன். கிடங்கில் எத்தனையோ திருடனைப் பிடித்தவன், இதைச் செய்தேன். ஆனால் என் படிப்பு எந்த வேகம் என்று யோசிக்கவில்லை. விரல் வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரி முடிவதற்குள் டீச்சர் திரும்பி வந்து என் பின்னால் நின்றுவிட்டார். “ஆரம்பிச்சாச்சுல்ல, சத்தமாவே படிச்சு முடிங்க” என்றார்.

படித்தேன். ‘மீசைக்காரர். தெரியாத இடம் வந்தால் கேலி பேசுகிறார். பதில் சொல்லக் கூடாது. பக்கத்தில் போய் முதல் எழுத்தை மட்டும் காட்ட வேண்டும். பலகை சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. முன் பெஞ்சுக்கு மாற்ற வேண்டும்.’ அவ்வளவுதான். படித்து முடித்ததும் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காய்கறிக்காரம்மா, “எனக்கு என்ன எழுதியிருக்கு, அதையும் படியுங்க அண்ணே” என்றாள். டீச்சர் நோட்டை வாங்கி மூடிவிட்டார். “அவங்கவங்களைப் பத்தி அவங்கவங்களே வந்து படிங்க” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது, என்னாலும் திருட்டுத்தனமாகப் படிக்க முடியும் என்ற தைரியம் வந்திருந்தது. சின்னவளே, இனிமேல்தான் விஷயம்.

நீ வேலைக்குப் போன நாளிலிருந்து உன் கடிதங்களை அண்ணிதான் எனக்குப் படித்துக் காட்டுவாள். நீ இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருப்பாய். அவளோ, “வகுப்பு நல்லா போகுதாம், பிள்ளைங்க பாசமா இருக்காங்களாம்” என்று சொல்லி மடித்துவிடுவாள். என் டீயில் பாதிகூடக் குறைந்திருக்காது. அத்தனை எழுத்தும் எங்கே போயின என்று எனக்கு அப்போதே சந்தேகம். கேட்கவில்லை. கேட்டால் படிக்கவா எனக்குத் தெரியும்?

உன் கடிதங்கள் இருக்கும் பையை எடுத்தேன். கடைசிக் கடிதத்தைப் படிக்க நான்கு நாள் ஆனது. நாற்பத்திரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறாய். நீ கத்தினால் அவர்கள் இன்னும் கத்துகிறார்கள், தொண்டை கட்டிவிட்டது, தலைமை ஆசிரியை ஜன்னலில் வந்து நிற்கிறார், கடைசி பெஞ்சில் ஒரு பெண் உன்னைப் போலவே பேசிக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைக்கிறாள். அப்புறம் அந்த வரி. மாசக் கடைசியில் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறாய் என்பதும், இதை அப்பாவுக்குப் படிக்காதீர்கள் அண்ணி என்பதும்.

அண்ணியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பை எப்போதும் அலமாரியில் மேல்தட்டில், என் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். இந்த முறை கீழ்த்தட்டில் இருந்தது. என் விரலில் இருந்த மையை அவள் கவனித்துவிட்டாளோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மறுநாள் டீச்சரிடம், “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க வகுப்பு அடங்க மாட்டேங்குதாம்” என்று மெதுவாக ஆரம்பித்தேன். “அந்த ஒருத்தங்க உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். பக்கத்து வீடு என்றேன். என் முகத்தையே பார்த்தார். அவருக்கும் சந்தேகப்படத் தெரிகிறது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பார்க்கக் கூடாதாம். உள்ளே நுழைவதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எப்படி நுழைவது, முதலில் என்ன செய்வது என்று காட்டி, செய்ய வைத்து, தினமும் அதே மாதிரி. இரண்டு வாரம் ஆகும், நடுவில் கெட்டும் போகும் என்றார். எங்களுக்கு முதலில் மணி அடித்துப் பார்த்தாராம். கொத்தனார் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் காது மந்தம். அதனால்தான் கை. நாலு நாள் விடுமுறை விட்டால் நாங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வருகிறோம். அவர் மறுபடி வாசலிலிருந்தே ஆரம்பிக்கிறார். அலுப்பாக இல்லையா என்று கேட்டேன். “இருக்கு” என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் மேல் எனக்குச் சந்தேகம். அவளுக்குச் சரியாகப் படிக்க வருகிறதா என்று பார். எல்லோர் முன்னாலும் வேண்டாம், பக்கத்தில் போய்ப் பார். சிரிக்க வைத்துத் தப்பிக்கிற வேலையை நான் அறுபது வருஷம் பார்த்தவன்.

இந்தக் கடிதத்தை நானே தபால்பெட்டியில் போடுவேன். உன்னை இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நீ வந்தால் உன் அறை அப்படியேதான் இருக்கிறது. தொண்டைக்கு வெந்நீர் குடி. என் ஆசிகள் எல்லாம் உனக்குத்தான்.

ஒரு முகவரி எழுதிப் பழகவே எனக்கு ஒரு வாரம் பிடிக்கிறது. உன் வீட்டு முகவரியை இன்னும் பழகவில்லை. பள்ளிக்கூட முகவரியைத்தான் இருபது தடவை எழுதிப் பழகியிருக்கிறேன். அடுத்த வாரமும் எழுதுவேன். அது வந்து சேரும்போது மாசம் பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். உன் வகுப்புக்கே வரும். நீயே கைநீட்டி வாங்கிக்கொள், தாயே.

உன் அப்பா