திரைக்கு அந்தப் பக்கம்

கல்முனை
18.06.1956

என் அன்பான அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். இங்கினியாகலை வேலைத்தலத்தில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் மன்றாடுகிறேன். அங்கே தமிழரை அடித்துக் கலவரம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பி வந்தவர்களை ஏற்றிய லொறி ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தேன். உங்களைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

நம் கோயிலை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. பாதிக் குடும்பங்கள் உங்களைப் போல வேலை தேடிப் போய்விட்டன; சுற்றிலும் முஸ்லிம் வீடுகள்தான். போதகர் ஐயா பின்பாதியைக் கிழமை நாட்களில் தாய்மாருக்கான கிளினிக்குக்குக் கொடுத்துவிட்டார். முஸ்லிம் பெண்களுக்கு மறைப்பு வேண்டுமே என்று மருதமுனை நெசவுகாரர் பெரிய திரையொன்று நெய்து தந்தார்கள். குறுக்கே கட்டியிருக்கிறது. வேதக் கோயிலில் பிள்ளை நிறுக்கிறதோ என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. உட்கார ஆளில்லாத வாங்குகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டு நான்தான் அவர்கள் வாயை அடைத்தேன்.

ஞாயிறுகளில் திரைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான் நிற்கிறோம். ஆனால் பாட்டுச் சத்தம் குறையவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், திரைக்குப் பின்னாலிருந்தும் பாடுகிறார்கள். போன வருடம் அடக்கம் செய்த நேசரட்ணம் மாமியின் மூக்கால் இழுக்கும் குரல் எனக்குத் தெரியாதா? செபரட்ணம் மாஸ்டர் செத்த அடுத்த ஞாயிறே அவருடைய கட்டைக் குரலும் சேர்ந்துகொண்டது. ஒருமுறை பாட்டின் நடுவில் போய்த் திரையை விலக்கினேன். ஒருவருமில்லை. பிள்ளை நிறுக்கும் தராசு மட்டும் காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. போதகர் ஐயாவிடம் சொன்னேன். தனக்கும் கேட்கிறதென்றும், நம் செத்தவர்கள்தானே, பாடட்டும் என்றும் சொன்னார். பிறகு எனக்கும் பயம் தெளிந்துவிட்டது.

நேற்று அப்படியில்லை. கடைசிப் பாட்டு முடிந்து எல்லோரும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகு, திரைக்குப் பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனியாக, இழுத்து ஆமென் சொன்னார். சபையே சிரிக்க எப்போதும் பிந்திச் சொல்கிற மனிதர் நம் கோயிலில் ஒருவர்தானே, அத்தான். திரையை விலக்கிப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை.

என் காதின் பிழையென்றே இருந்தேன். மாலையில் பக்கத்து வீட்டு சல்மா உம்மா வேலிக்கு மேலால் எட்டி, “என்ன ஞானராணி, மனிசன் வந்திட்டாரா? கோயிலுக்குள்ள அவர்ர ஆமீன் கேட்டிச்சே” என்று சந்தோஷமாகக் கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

கடிதம் எழுத வசதியில்லாவிட்டால் ஒரு தபாலட்டையில் உங்கள் பெயரை மட்டும் எழுதிப் போடுங்கள். அதுகூட வேண்டாம், வந்துவிடுங்கள். வரும் ஞாயிறு நான் ஆமென் சொல்லாமல் உங்களுக்காகக் காத்து நிற்பேன். முன்வாசலால் வந்து என் பக்கத்தில் நின்று, எவ்வளவு பிந்தினாலும் பரவாயில்லை, அங்கே சொல்லுங்கள். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. திரைக்கு அந்தப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

உங்கள் வரவை நோக்கியிருக்கும்,
ஞானராணி