பேட்டரியில் ஆசிட் ஊற்றிய டீச்சர்

போன மாதம் எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படியில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று ஒரு கட்சி, முதல் மாடிக்காரர்கள் குப்பையை ஒழுங்காக வெளியே வைப்பதில்லை என்று இன்னொரு கட்சி. நான் யாரோடும் வாதாடவில்லை. நேராகக் கீழே போய், படிக்கட்டு விளக்குகளுக்காக வைத்திருக்கும் பொது இன்வெர்ட்டரை அணைத்தேன். பேட்டரி தொட முடியாத சூட்டில் இருந்தது. “எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?” என்று அடுக்ககச் சங்க செகரட்டரி கேட்டார். பிறகு அவரே, “கெமிஸ்ட்ரி டீச்சராச்சே!” என்று பதிலும் சொல்லிக்கொண்டார். கெமிஸ்ட்ரி எனக்கு அந்த வாயுவின் பெயரைத்தான் சொல்லிக்கொடுத்தது. அந்த நாற்றம் வந்தால் ஓடிப்போய் எதை அணைக்க வேண்டும் என்பது உன் கூட இருந்து தெரிந்துகொண்டது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மூக்கு மட்டும் உன்னை மறக்கவில்லை.

தாம்பரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது வரை படித்தோம். நான் மேலே படிக்கப் போனேன், நீ பழைய பேட்டரி உடைக்கும் பட்டறைக்கு வேலைக்குப் போனாய். இருபது வருஷம் கழித்து என் வீட்டுக்கு இன்வெர்ட்டர் மாட்ட வந்தவளைப் பார்த்தால் நீ! கிழக்குத் தாம்பரத்தில் சொந்தமாகப் பேட்டரிக் கடை, கையில் ஸ்பேனர், புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. “இன்னாடி டீச்சர், இன்னும் பரீட்சைக்குப் பயந்துகினு கீறியா?” என்றுதான் முதல் பேச்சே ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நம் சண்டையெல்லாம் பேட்டரி பற்றித்தான். நான் சமன்பாடு சொல்வேன், நீ கடைச் செய்தி சொல்வாய். ஈய பேட்டரிக்குள் ஈயத் தகடும் ஈய ஆக்சைடு தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் நிற்கின்றன. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க இரண்டுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் தண்ணீராகிக்கொண்டே வருகிறது. சார்ஜ் செய்தால் எல்லாம் பழையபடி திரும்புகிறது என்று நான் பாடம் ஒப்பிப்பேன். “எல்லாம் திரும்பாதுடி. காலியா போட்டு வச்சா தகட்டு மேல வெள்ளையா கெட்டிப்பட்டுடும். அப்புறம் நீ எந்தச் சாமிய கும்பிட்டாலும் கரையாது” என்பாய். அது என் புத்தகத்திலும் இருந்தது, ஆனால் அடிக்குறிப்பில். மாணவர்களோடு சேர்ந்து நானும் அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

லித்தியம் வந்தபோது ஊரே அதன் பின்னால் ஓடியது, நீ மட்டும் ஓடவில்லை. எந்தப் புது வகை வந்தாலும் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் உன் கடையிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் விற்பாய். ஒரு விடுமுறை வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், தார்ப்பாய் மேல் குவித்திருந்த பழைய போன் பேட்டரிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாய். பாதிக்கு மேல் பூரி மாதிரி உப்பியிருந்தன. “யோவ், ஊதிப்போனதையெல்லாம் வெயில்ல பரப்பி வச்சிகினு கீறியே, சந்தையையே கொளுத்தவா?” என்றாய். கடைக்காரர் அசரவில்லை. “அக்கா, வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா நெழல வுட்டு நவுரு” என்றார். நீ நகரவில்லை. அவர் குடையை நீயே பிடுங்கி அந்தக் குவியலுக்கு மேல் நட்டுவிட்டு, உப்பியதையெல்லாம் பொறுக்கித் தனியாக ஒரு மண் சட்டியில் போடவைத்த பிறகுதான் நகர்ந்தாய். எனக்கு மானம் போயிற்று. ஆனால் திரும்பும் வழியில் நீ கேட்ட கேள்வியை அடுத்த வாரமே வகுப்பில் கேட்டேன்: “இதும் லித்தியம், என் கடைல கீறதும் லித்தியம். இது ஏன் எரியுது, அது ஏன் சும்மா கீது?”

நான் படித்துப் பார்த்துச் சொன்னேன். லித்தியம் பேட்டரியில் தண்ணீரே கிடையாது. லித்திய அயனிகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் வருகின்றன, அவ்வளவுதான். நிக்கல், கோபால்ட் சேர்ந்தது சின்ன உடம்பில் நிறைய மின்சாரம் வைத்திருக்கும், ஆனால் சூடு எல்லை மீறினால் தனக்குள்ளிருந்தே ஆக்சிஜனை விட்டுத் தீயை வளர்க்கும். உன் கடையில் இருக்கும் இரும்பு பாஸ்பேட் வகை அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை, கொஞ்சம் பருமன், ஆனால் லேசில் நிதானம் இழக்காது. “அப்ப அதான் நம்ம ஆளு” என்றாய். கோபால்ட் தோண்டும் இடங்களில் குழந்தைகள் மண்ணில் இறங்குகிறார்கள், லித்தியம் எடுக்கும் இடத்தில் ஊர்த் தண்ணீர் வற்றுகிறது என்றும் சொன்னேன். நீ உன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாய். பிறகு, “ஈயம் மட்டும் இன்னா? உருக்கி உருக்கித் திரும்பத் திரும்ப தகடு ஊத்தலாம், வீணே போவாது. ஆனா எவன் எங்க உருக்கறான்னு கீதே! நாங்க கோடாலியால ஒடைப்போம், ஆசிட்ட அப்படியே மண்ணுல கவுத்துடுவோம். அந்தக் கையாலதான் சோறு தின்னோம்” என்றாய். பழைய பேட்டரியை எந்தக் காயலான் கடைக்காரர் எவ்வளவு கெஞ்சியும் நீ தராமல், கம்பெனி வண்டிக்கே கொடுத்தனுப்பியது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

இனி நான் எழுதத் தயங்கும் இடத்துக்கு வருகிறேன்.

என் கணவருக்கு நுரையீரல் கெட்டு, வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்த வருஷம் அது. கரண்ட் போனால் உன் பேட்டரிதான் அவருக்கு மூச்சு. பேட்டரி மூடி மேலுள்ள மிதவையில் சிவப்புத் தெரிந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்று என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! தீபாவளிச் சமயம் சிவப்புத் தெரிந்தது. நான் உன்னைக் கூப்பிடவில்லை, யோசித்தேன். மின்சாரம் கொடுக்கும்போது அமிலம்தானே செலவாகிறது? அப்படியென்றால் குறைந்திருப்பது அமிலம்தானே? பள்ளி ஆய்வகத்திலிருந்து கந்தக அமிலம் கொண்டுவந்து, பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் அடர்த்திக்குக் கலந்து, ஆறு வாயிலும் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். அடுத்த மாதம் இன்னொரு தடவை. சார்ஜ் ஏறும்போது ஆவியாகவும் வாயுவாகவும் போவது தண்ணீர் மட்டுமே, அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது என்பது தெருவில் பேட்டரி கழுவுகிறவருக்குக்கூடத் தெரியும். கெமிஸ்ட்ரி படித்த ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

டிசம்பரில் புயல் வந்தது. காலையில் கரண்ட் போயிற்று, தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று மணி நேரம் தாங்க வேண்டிய பேட்டரி அரை மணி நேரத்தில் கத்திக்கொண்டு அணைந்தது. வீடெல்லாம் அந்த முட்டை நாற்றம். கைவசம் இருந்த ஒரே சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது, அவருடைய உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வர முடியாது என்றார்கள். உனக்குப் போன் போட்டு நான் அழுதது மட்டும் ஞாபகம் இருக்கிறது, என்ன சொன்னேன் என்பது இல்லை.

ஈய பேட்டரியாக இருந்தால் அந்தத் தண்ணீரில் இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்கி வந்திருக்க முடியாது. நீ உன் கடையில் ஒரு வருஷமாகச் சோதித்துக்கொண்டிருந்த அந்த இரும்பு பாஸ்பேட் பேட்டரியைக் கழற்றி, பாலித்தீனில் சுற்றி, நீல நிற பிளாஸ்டிக் டப்பில் வைத்து, லோடு ஆட்டோ நின்ற இடத்திலிருந்து டப்பை மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டே வந்தாய். இரண்டு மாடி ஏறி, ஈரம் சொட்டச் சொட்ட, கையை மட்டும் துடைத்துக்கொண்டு வயரை மாட்டினாய். மெஷின் ஓட ஆரம்பித்தது. மதியம் டிராக்டர் வந்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும் வரை அது நிற்கவில்லை.

டிராக்டர் வரும்வரை நீ சும்மா இல்லை. செத்த பேட்டரியின் மூடியைத் திறந்து, அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சினாய். குழாய்க்குள் இருந்த மிதவை இருக்க வேண்டிய இடத்துக்கு எங்கேயோ மேலே நின்றது, அமிலம் அளவுக்கு மீறி இருக்கிறது என்று அர்த்தம். என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாய்.

“இன்னாடி ஊத்தின?”

சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நீ சிரித்தாய், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய்.

வெளியே வந்தபோது அவர் மூச்சுக்கு நடுவே, “என்னம்மா, உன் பேட்டரி இப்படிக் காலை வாரிடுச்சே?” என்று கேட்டார். “எம்மேலதான் தப்புண்ணா. பழைய சரக்கு. நான் வந்து பாத்திருக்கணும், வுட்டுட்டேன்” என்றாய். நான் பக்கத்தில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அவர் தேறி வந்த பிறகும் திறக்கவில்லை. “என் உயிரே போயிருக்கும். கடை நடத்துற லட்சணமா இது?” என்று அவர் உன்னை வாசலில் வைத்துத் திட்டியபோதும் திறக்கவில்லை. புது பேட்டரி வேறு கடையில் வாங்கினோம். எங்கள் அடுக்ககத்தில் ஒவ்வொரு வீடாக உன்னைக் கூப்பிடுவது நின்றது. ஒரு நாள் உன் கடையில் உட்கார்ந்து, இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். “வேணாம்டி. சீக்காளி மனுசன், பொண்டாட்டிய நம்பித்தான் கண்ண மூடித் தூங்கறான். பேட்டரிக்காரிய நம்பலன்னா இன்னா கெட்டுப்போச்சு?” என்றாய். நீ பெரிய மனதோடு சொன்னாய். நான் அதைச் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. பட்டறையில் வேலை செய்ததாலா என்று கேட்டதற்கு, இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கடையை இப்போது உன் மகள் எஸ்தர் நடத்துகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, கார் நிறுத்தும் இடத்தில் எங்கள் அடுக்ககக் கூட்டம். பொது இன்வெர்ட்டருக்கு எந்த பேட்டரி வாங்குவது என்று பேச்சு. லித்தியம் வெடிக்கும் என்றார் ஒருவர், ஈயம் விஷம் என்றார் இன்னொருவர். மிதவை பார்க்க ஆளில்லாத இடத்துக்கு இரும்பு பாஸ்பேட்தான் சரி, பழைய ஈய பேட்டரியை முறையாகத் திரும்ப எடுக்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும், அதற்கு எஸ்தர் கடைதான் நல்லது என்றேன். எஸ்தரையும் வரச்சொல்லியிருந்தேன். செகரட்டரி சிரித்தபடியே, “அந்தக் கடையா மேடம்? வெள்ளத்தப்போ உங்க சாருக்கே உயிராபத்து வரவெச்ச கடையாச்சே!” என்றார். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். என் கணவர், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, ஆமாம் என்பது போலத் தலையாட்டினார்.

எழுந்து நின்றேன். “அந்த பேட்டரியைக் கெடுத்தது நான். தண்ணி ஊத்த வேண்டியதுல ஆசிட் ஊத்தினேன், ரெண்டு தடவை. இவங்க அம்மா பழியை ஏத்துக்கிட்டாங்க. இடுப்பளவு தண்ணியில வேற பேட்டரி கொண்டுவந்து இவரைக் காப்பாத்தினதும் அவங்கதான்” என்றேன். யாரோ, “கெமிஸ்ட்ரி டீச்சரா?” என்று மெதுவாகக் கேட்டார்கள். ஆமாம், கெமிஸ்ட்ரி டீச்சர்தான்.

என் கணவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்து, குழாய் எட்டும் தூரம் வரை நடந்துபோய் எஸ்தர் முன்னால் நின்றார். “உங்க அம்மாவை வாசல்லயே நிக்கவெச்சுப் பேசிட்டேனேம்மா” என்றார். அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சு போதவில்லை.

கூட்டம் முடிந்து கேட் வரைக்கும் எஸ்தரோடு நடந்தேன். உன்னிடம் கேட்காமல் உன் ரகசியத்தை உடைத்துவிட்டேன் என்று ஏதோ உளறினேன். அவள் வண்டியில் சாவி போட்டபடி சொன்னாள்:

“எனக்கும் அம்மா அதேதான் பெரிம்மா சொன்னாங்க. நான் பாக்காம வுட்டுட்டேன், ஒரு ஆளு சாவக் கெடந்தாருன்னு. அதனாலதான் மாசாமாசம் எல்லா கஸ்டமர் வூட்டுக்கும் போய் பேட்டரி பாத்துட்டு வரேன். அம்மா மாதிரி நானும் வுட்டுடக் கூடாதுன்னு.”

நீ பெற்ற பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை! இத்தனை நாளும் நீ செய்யாத தப்புக்குப் பயந்து அவள் படி ஏறி இறங்கியிருக்கிறாள், உன்னைக் கொஞ்சம் குறைவாக நினைத்துக்கொண்டு. எனக்காகத்தான் அதையும் நீ பொறுத்துக்கொண்டாய்.

உனக்கு நான் பட்ட நன்றிக்கடன் எனக்குள் கனமாகத்தான் இருக்கிறது, இறக்கிவைக்க மனமும் இல்லை. அவர் உள்ளே தூங்குகிறார், மூச்சுச் சத்தம் கேட்கிறது. எஸ்தர் அன்றைக்கு வண்டியைக் கிளப்பாமல் போட்ட சாவியை மறுபடி கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, “அம்மா அப்போ எதையும் வுடல, இல்ல பெரிம்மா?” என்று கேட்டாள். “உங்க அம்மா ஒண்ணையும் விடலடி கண்ணு” என்றேன்.