சொல்வதாக இருக்கிறான்

மார்ச் 7
ரஷ்ய வகுப்பில் இன்றைய வினைச்சொல்: ஸபிராத்ஸா. நேர்ப்பொருள், தன்னைத் திரட்டிக்கொள்வது. பேச்சில், ஒன்றைச் செய்ய எண்ணியிருப்பது, கிளம்ப ஆயத்தமாவது. கிளம்புமுன் அவர்கள் தங்களையே பொறுக்கிச் சேர்க்கிறார்கள் போலும். நான் சாவியைத்தான் தேடுவேன்.

இருவர் இருவராகப் பேசிப் பழகினோம். ஒரே விதி: சொந்த வாழ்க்கை, உண்மை மட்டும். என் ஜோடி ஒரு பல் டாக்டர், என் வயதுக்காரி. நான் சொன்ன வாக்கியம்: "அவன் எங்களைப் பற்றித் தன் அம்மாவிடம் சொல்ல எண்ணியிருக்கிறான்." பிழையே இல்லையாம்.

மார்ச் 14
அலுவலகத்தில் அறிவிப்பு. ரஷ்யாவில் உள்ள எங்கள் துறைமுகக் கிளைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இரண்டு வருடத்துக்கு. மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ராஜதந்திரியிடம் சொன்னேன். (என் காதலனுக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர்; நேரம் பார்க்காமல் வாய் திறக்க மாட்டான்.)
"அவசரப்படாத. இந்த வாரம் அம்மாகிட்ட பேசுறதா இருக்கேன்."

வகுப்பில் அதே வாக்கியம்.

மார்ச் 21
மறுபடியும்.
"ஏய், மூணு வாரமா இதையே சொல்றியேடி!"
"உண்மையைத்தானே சொல்லணும்?"
"என்கிட்டயும் இப்படித்தான். 'வர்றதா இருக்கோம் டாக்டர்'னு போன்ல சொல்லிட்டே இருப்பாங்க. வர்றப்போ பல்லு இருக்காது."

மார்ச் 25
அவன் அம்மாவுக்கு முழங்கால் வலியாம். அது சரியானதும் விஷயத்தைக் காதில் போடுவானாம். முழங்காலுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 28
இந்தச் சொல்லுக்குத் தமிழில் இணை இல்லை என்று வகுப்பில் பெரிய மேதாவி மாதிரி பேசினேன். ஒரு வருடமாக அவன் வாயிலிருந்து கேட்பது வேறென்ன? சொல்றதா இருக்கேன், பேசுறதா இருக்கேன்.

சரி, அவன மட்டும் ஏன் திட்டுறே? விண்ணப்பம் இரண்டு வாரமா உன் மேஜை மேலதானே கிடக்கு — காபி டம்ளருக்கு அடியில? அவன் சொல்வதாக இருக்கிறான். நான் கொடுப்பதாக இருக்கிறேன். என்ன பொருத்தம்!

மார்ச் 29
கொடுத்துவிட்டேன். காபிக் கறையோடு.

ஏப்ரல் 18
வேலை கிடைத்துவிட்டது. அவனிடம் சொன்னேன்.
"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"
சொன்னேனே. அப்போது அவன் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 9
விமான நிலையம். பல் டாக்டர் வாசல்வரை வந்து, ஆறு டூத் பிரஷ்களைக் கையில் திணித்துவிட்டு அழுதாள். அவனிடமிருந்து காலையில் ஒரு செய்தி: "வழியனுப்ப வர்றதா இருக்கேன்."
வகுப்பில் என்றால் முழு மதிப்பெண்.

விமானத்துக்கு அழைத்தார்கள். எழுந்ததும், பழக்கதோஷம், கைப்பையில் சாவியைத் தேடினேன். வீட்டைக் காலிசெய்து அதை நேற்றே கொடுத்தாயிற்று என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.