தாரணிக்கு நான் எடுக்காத போன் கோல்

என்ர இஞ்சருங்கோவுக்கு,

அண்டைக்கு ஆசுப்பத்திரி அறைக்குள்ள நிண்டது நாலு பேர். நான், எங்கட மகள் சுகந்தி, மருமோன் ரவி, முதல்நாள் சிட்னியில இருந்து பறந்து வந்த உங்கட தங்கச்சி ராசமணி. அஞ்சாவதாய் நீங்கள், கட்டிலில, மூச்சு நிண்டு. பேத்தி தாரணி மட்டும் இல்லை. அவளுக்கு அண்டைக்குப் பின்னேரம் மட்ச்.

அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து வளைஞ்சு போகும். ஆனால் ஒண்டும் மறக்க மாட்டன், அது உங்களுக்குத் தெரியும்.

புதுசாய்த் தொடங்கின கூடைப்பந்து ரீம், அதுகளின்ர முதல் வருசம், முதல் மட்ச். மற்ற ரீமுகள் வேண்டாமெண்டு விட்ட பிள்ளையள்தான் பாதிப்பேர். எங்கட தாரணியையும் சிட்னி ரீம் ஆள் கட்டையெண்டு கழிச்சு விட்டதுதானே. "புதுக்குடித்தனம் மாதிரியப்பா, முதல் வருசம் சட்டியும் இருக்காது, அகப்பையும் இருக்காது" எண்டு நீங்கள் சிரிச்சியள். ரோவில் எண்ட இடத்துக்கு அவளைப் பயிற்சிக்கு ஏத்திக்கொண்டு திரிஞ்சது நீங்கள்தானே.

காலமை மற்றவை கோப்பி குடிக்கப் போன நேரம் என்ர கையைப் பிடிச்சியள். "இண்டைக்கு எனக்கு ஏதும் எண்டால் மட்ச் முடிஞ்ச பிறகு அவளுக்குச் சொல்லும். நான் சொன்னதெண்டு சொல்லாதையும். நீர் முடிவெடுத்ததாய் இருக்கட்டும். அவள் என்னைக் கோவிச்சால் எனக்குத் தாங்காது."

நான் கோவம் தாங்குவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

எட்டு மணிக்குப் போயிட்டியள். சுகந்தி போனைக் கையில எடுத்தவள். நான் பறிச்சன். "அம்மா, அவள் பேந்து என்னோட கதைக்க மாட்டாள்" எண்டு அழுதாள். "சொன்னால் ஓடி வருவாள். செத்தவீட்டுத் துடக்கெண்டு முப்பத்தொரு நாளும் நீங்களே பந்தைத் தொட விடமாட்டியள். புது ரீம் இவளுக்கு இடம் பிடிச்சு வைச்சுக்கொண்டு இருக்குமோ?" எண்டு கேட்டன். ரவி தலையைக் குனிஞ்சுகொண்டு "மாமி சொல்லுறது சரி" எண்டவர்.

ராசமணிக்கும் சொன்னனாங்கள், பொறும் எண்டு. அவ நடையில நிண்டு, விளக்குப் படத்துக்கு நடுவில உங்கட முகத்தை வைச்சு, சொந்தக்காரற்ற வாட்ஸ்அப் குறூப்பில போட்டிட்டா. அந்தக் குறூப்பில தாரணியும் இருக்கிறாளெண்டு எங்கள் ஒருத்தருக்கும் நினைவு வரேல்லை. ஒருநாளும் ஒரு வணக்கம் போடாத பிள்ளை.

ஒம்பது மணிக்கே பாத்திட்டாள். ஒருத்தருக்கும் சொல்லாமல் விளையாடினாள். கடைசியில ஒரு புள்ளிதான் குறை. ஆரும் மறிக்காமல் கோட்டில நிண்டு எறியிற பந்து, ரெண்டு கிடைச்சது. ரெண்டும் வளையத்தில பட்டு வெளியில போச்சு.

ரீம் ஜக்கெற்றோடயே வீட்டை வந்தாள். "ஒம்பது மணியில இருந்து போனை மடியில வைச்சுக்கொண்டு இருந்தனான் அம்மம்மா. ஒருத்தரும் எனக்கு ஒரு கோல் எடுக்கேல்லை. ஆர் சொன்னது எனக்குச் சொல்ல வேண்டாமெண்டு?" எல்லாரும் என்னைப் பாத்தினம். "நான்தான்" எண்டன்.

அதோட என்னோட தமிழ் கதைக்கிறதை விட்டிட்டாள். ஹாய், பாய், அவ்வளவுதான்.

இப்ப சங்கதி என்னெண்டால், அவளின்ர ரீம் புள்ளிப் பட்டியலில கடைசி. நாளைக்குப் பின்னேரம் கடைசி மட்ச். அடுத்த வருசத்துக்கு அரைவாசிப் பேரை நிப்பாட்டப் போயினமாம், ரவி சொல்லுறார். பிள்ளை ஓடுறாள், மறிக்கிறாள், எல்லாம் செய்யிறாள். அந்தக் கோட்டில நிண்டால் மட்டும் பந்து வெளியில போகுது. சனம் சத்தம் போடாமல் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில, அடிக்காத போன்தான் நினைவு வருதெண்டு சுகந்திக்குச் சொன்னவளாம். கேட்டதில இருந்து எனக்குச் சோறு இறங்கேல்லை.

ராசமணி விடுவாவோ? சிட்னி வெஸ்ட்மீட்டில இருந்து போன் கோல். "மச்சாள், பிள்ளை போன மட்சிலயும் ரெண்டு விட்டிட்டாளே, ரீவியில பாத்தனான். துடக்கோட விளையாடின தோசம்." "உம்மட அண்ணர் உயிரோட இருக்கேக்க நீர் எத்தினை மட்ச் பாத்தனீர்?" எண்டு கேட்டிட்டு வைச்சிட்டன்.

நேற்று தாரணி வந்தாள், உங்கட ரீம் சால்வையை எடுக்க. குசினி வாசலில நிண்டு, எத்தினையோ மாதத்துக்குப் பிறகு தமிழில கேட்டாள்.

"அம்மம்மா, அம்மப்பா என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ?"

நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. சொன்னால் அவளின்ர கை நேராகுமோ? இல்லாட்டி, மிச்சமாய் இருக்கிற உங்களையும் அவள் இழந்து போவாளோ?

"ஓம், இண்டைக்கு மட்ச் எல்லோ எண்டு சொன்னவர்" எண்டன்.

"வேற?"

"வேற ஒண்டும் இல்லைப் பிள்ளை."

சால்வையைச் சுத்தி எடுத்துக்கொண்டு "போட்டு வாறன்" எண்டாள். புட்டு அவிச்சு வைச்சனான், தொடேல்லை.

இந்தக் கடிதம் தமிழ்ப் பேப்பரில வரும். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அந்தத் துணிவிலதான் எழுதுறன். வாசிக்கிற நீங்கள் ஆரும் போய் அவளுக்குச் சொல்லாதேங்கோ. ராசமணி, உமக்கும்தான்.

நாளைக்கு மேல் வரிசையில, அவளின்ர கண்ணில படாத மூலையில இருப்பன். பந்து உள்ள போனாலும் போகாட்டிலும் நீங்கள் சொன்னதெண்டு என்ர வாயால வராது. அவளின்ர கோவம் முழுக்க எனக்கே இருக்கட்டும். இது சத்தியம்.

ஆனால் இதையும் கேளுங்கோ. ராசமணியை ஒருநாளைக்கு மன்னிச்சாலும் மன்னிப்பன், அவ விசர்த்தனத்தில செய்தவ. நீங்கள் யோசிச்சுச் செய்தனீங்கள். பிள்ளையின்ர அன்பை உங்களுக்கு வைச்சுக்கொண்டு, மிச்சத்தை என்ர கையில தந்திட்டுப் போனியள். அம்பத்திரண்டு வருசக் குடும்பத்தில ஒருக்காலும் வாயால சொல்லாத பேரை இப்ப எழுதுறன். நான் மன்னிக்காத ஆள் ஒராள்தான்: சிவஞானம்.

உங்கட மனிசி,
தாரணியின்ர அம்மம்மா