ஒற்றைப் புள்ளி அந்துப்பூச்சி

இன்று காலை, சமையலறை ஜன்னலோரம் வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலுக்குள் ஒரு அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. விரல் நகம் அளவு, ஈர மணலின் நிறம். இரண்டு இறக்கையிலும் தலா ஒரு கரும்புள்ளி. ஒன்றுதான். உன்னிடம் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது.

விம்கோ நகரிலிருந்து ராயபுரத்தில் இருக்கும் என் பள்ளிக்கூடத்துக்கு ஆறு வருஷம் உன் ஆட்டோவில்தான் வந்தேன். உயிரியல் டீச்சரான நான் சுவர் சுவராகப் பூச்சியைப் படம் எடுப்பதைப் பார்த்து முதலில் சிரித்தாய். பிறகு நீயே வண்டியை ஓரங்கட்ட ஆரம்பித்தாய். "டீச்சர், லாரி ஷெட்டு செவுத்துல ஒண்ணு குந்தினு கீது, எறங்குங்க." கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நிற்கும் காலைகளில் நமக்கு அவசரமே இருந்ததில்லை. நான் பெயர் சொல்வேன், நீ ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாய்.

அந்த நாள் மட்டும் அவசரம். சிக்னலில் திரும்பி உன் போனை நீட்டி ஒரு அந்துப்பூச்சிப் படத்தைக் காட்டினாய். எண்ணூர் முகத்துவாரத்து உப்புச் சேற்றில் நீ பறித்த உமரிக்கீரையை நீல முறத்தில் கொட்டியபோது பறந்து வந்து உட்கார்ந்ததாம். பார்த்த உடனே வழக்கமான ஒன்றின் பெயரைச் சொன்னேன்.

"அதுக்கு ரெக்கைக்கு ரெண்டு புள்ளி ஆச்சே டீச்சர்?"

"ஒண்ணு உதிர்ந்திருக்கும். இறக்கையில இருக்கிறது வெறும் தூள்தானே."

"ரெண்டு பக்கமுமா உதிரும்? ஒரே எடத்துலயா?"

பள்ளிக்கூட மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. "உதிரும்" என்றேன்.

"சரி டீச்சர்" என்றாய். படத்தை எனக்கு அனுப்பிவிட்டு கியர் மாற்றினாய்.

அதற்குப் பிறகு நீ பூச்சி எதையும் என்னிடம் காட்டவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நாளில் மஞ்சள் காமாலை என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள். மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது உன் படம் வந்தது. அழிக்க மனம் வராமல், பூச்சிகளைப் பதிவுசெய்யும் இணையதளம் ஒன்றில் அந்த வழக்கமான பெயரோடு போட்டேன். மறுநாளே ஒரு ஆராய்ச்சியாளர் எழுதினார். நான் சொன்ன பெயர் தப்பாம். உவர்நிலத்தில் வாழும், அதிகம் பேர் பார்த்திராத ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒரு படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எந்த இடம், எந்தச் செடி என்று கேட்டிருந்தார்.

உன் கணவரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். தன் ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டு நீ கீரை பறிக்கும் இடத்துக்கே கூட்டிப் போனார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த சேற்றில் முழங்கால் வரை புதைந்து செடி செடியாகப் பார்த்தோம். மூன்றாவது நடையில்தான் கிடைத்தது. உமரி இலையின் நிறத்திலேயே நான்கு புழுக்கள். இலையோடு அந்த ஊறுகாய் பாட்டிலில் போட்டேன்.

திரும்பும்போது அவர் கேட்டார். "அப்போ அவ சொன்னதுதான் கரெக்டா டீச்சரம்மா?"

"அப்படித்தான் தெரியுது."

"அன்னிக்கி வூட்டுக்கு வந்து, 'டீச்சரே சொல்லிட்டாங்க, நான்தான் தப்பா பாத்துட்டேன்'னு சொன்னாளே?"

கரையில் இறங்கியதும் உன் போனை எடுத்து வந்து காட்டினார். அதை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். அதே பூச்சி, எனக்கு அனுப்பியது போக இன்னும் பதினோரு படம். முறத்தில், கதவில், ஆட்டோ சீட்டில், உன் உள்ளங்கையில். எல்லாமே நான் 'உதிரும்' என்று சொன்ன நாளுக்குப் பிறகு எடுத்தவை. ஒவ்வொன்றிலும் இரண்டு இறக்கையும் தெளிவாகத் தெரிகிற மாதிரி பிடித்திருக்கிறாய்.

"தப்புன்னு சொன்னவ எதுக்கு இத்தினி எடுத்தா?" என்று அவர் என்னைத்தான் கேட்டார். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

உன்னையே நம்பாமல் திரும்பத் திரும்பப் பார்த்தாயா? என்னை நம்பாமல் ஆதாரம் சேர்த்தாயா? அப்படிச் சேர்த்தால் ஏன் காட்டவில்லை? தினமும் முக்கால் மணி நேரம் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தேனே. மறுபடி 'உதிரும்' என்றுவிடுவேன் என்று பயந்தாயா, இல்லை எனக்கு அவமானமாகிவிடும் என்று பார்த்தாயா? ஒருநாள் ஒன்று சரி என்று படுகிறது, மறுநாள் இன்னொன்று.

பன்னிரண்டு படத்தையும் ஆராய்ச்சியாளருக்கு அனுப்பிவிட்டேன். பூச்சியையும் நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். பெயர் கிடைக்க இன்னும் நாளாகும், கிடைக்காமலும் போகலாம். பதிவில் கண்டவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். தொழில், ஆட்டோ ஓட்டுநர். குறிப்பு என்ற இடத்தில், இது வேறு பூச்சி என்று கண்டவர் முதல் நாளே சொன்னார், டீச்சர் கேட்கவில்லை என்று எழுதினேன். இதெல்லாம் தேவையில்லையே என்று ஆராய்ச்சியாளர் பதில் போட்டிருக்கிறார். குறிப்பை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.