தொப்பி இல்லாத போட்டோ

மைசூரு,
நவம்பர் 9, ஞாயிறு.

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

உங்கள் மகள் தாரணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் இருமல் நின்றதா? உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கப்போகும் சிறை அதிகாரிக்கும் என் வணக்கம். ஐயா, இதில் மறைக்க எதுவும் இல்லை. ஒரு வரியையும் அடிக்காமல் அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.

அம்மா நஞ்சன்கூடு ஃபேக்டரிக்கு மறுபடியும் போகிறாள். விமானத்தில் குண்டு வைத்தவன் பெண்டாட்டி என்று மே மாதம் நிறுத்தியவர்களே போன வாரம் கூப்பிட்டு அனுப்பினார்கள். அரையாண்டுக் கணக்கில் எனக்கு எழுபத்து நான்கு. எண்பதுக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி முக்கியமான செய்தி. நமக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடும் புது வக்கீல் சுலோசனா மேடம், குற்றப்பத்திரிகையின் நகலை எங்களுக்குக் கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பழைய வக்கீல் அதைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. உங்களுக்கும் அம்மாவுக்கும் கன்னடம் பேசத்தானே வரும்? அதனால் தினமும் பத்துப் பக்கம் நான் படித்துத் தமிழில் சொல்ல, அம்மா பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த விமானத்தில் இறந்த பத்தொன்பது பேரின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்பு படித்தது.

இருநூற்றுப் பதினேழாம் பக்கம் ஒரு டீக்கடைக்காரரின் சாட்சி. மார்ச் ஒன்றாம் தேதி காலையில், விமான நிலையத்தின் சரக்கு வாசலில் ஒருவர் குண்டு இருந்த பழுப்புப் பெட்டியை வண்டியில் ஏற்றினாராம். பிறகு பையிலிருந்து சீப்பை எடுத்து, எண்ணெய் வழிந்த தலையை வகிடெடுத்துச் சீவினாராம். அது நீங்கள்தான் என்று அடையாளம் காட்டியிருக்கிறார். எதைப் பார்த்து? நான்கு வருடத்துக்கு முன் எடுத்த உங்கள் விமான நிலைய அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து. வேறு யாருடைய படத்தையும் போலீசார் அவரிடம் காட்டவே இல்லை.

நான் படித்து முடிப்பதற்குள் அம்மாவின் மடியிலிருந்த பூண்டெல்லாம் கீழே கொட்டிவிட்டது. "அட கண்ணு, சிவராத்திரிக்குத்தான மலையில உங்கப்பா மொட்ட போட்டாரு! அந்தத் தலையில சீப்ப வெச்சா வழுக்கீட்டுல்ல போவும்!" என்றாள். அப்புறம் சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். அப்புறம் அழுதாள்.

மார்ச் ஒன்றுக்கு மூன்று நாள் முன்பு, எனக்கு டைபாய்டு இறங்கியதற்காக மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்ட மொட்டை அது. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலையில் எப்போதும் தொப்பி போட்டிருப்பீர்கள். மே மாதம் உங்களைப் பிடித்துக்கொண்டு போனபோது முடி வளர்ந்துவிட்டிருந்தது. மலைக்குப் போனவர் மொட்டை போட்டதை எல்லாம் போலீசாரிடம் சொல்ல வேண்டும் என்று நம்மில் யாருக்குத் தோன்றும்?

சுலோசனா மேடத்திடம் ஓடினோம். "புட்டி" என்று கன்னடத்தில் மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, "வாயால சொன்னா கோர்ட் கேக்காது. மொட்டையைக் காட்டு" என்றார். மலையில் கொடுத்த சீட்டில் தேதி இருந்தது, பெயர் இல்லை. உங்கள் போன் போலீசாரிடம்.

அப்போதுதான் எனக்குப் பிப்ரவரி 28 ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சி. தோழிகள் சிரிப்பார்கள் என்று வாசலிலேயே உங்களைத் தொப்பி போடச் சொன்னேன். நீங்களும் போட்டுக்கொண்டீர்கள். கடைசியில் தேசிய கீதம் பாடும்போது மட்டும் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஒன்பதாம் வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதன்பின் நான் உங்களோடு பேசவில்லை. "உடு கண்ணு, முடி வளந்துரும்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை டூட்டிக்காக அப்படியே பஸ் ஏறிப் போனீர்கள்.

பள்ளி அலுவலகத்தில் இருக்கும் கரியப்பன் சார் மூன்று நாள் பழைய படங்களை எல்லாம் தேடினார். நான்காம் நாள், "கிடைத்துவிட்டது, முழு நிலா!" என்று கன்னடத்தில் கத்தினார். தொப்பி கையில், தலை பளபளவென்று, பின்னால் தேதி போட்ட பேனர்.

போன வியாழக்கிழமை நீதிபதி அதைக் கண்ணாடி போட்டு ஒரு தரமும் கழற்றி ஒரு தரமும் பார்த்தாராம். ஒரே ராத்திரியில் வகிடெடுக்கிற அளவு முடி முளைத்ததா என்று விசாரணை அதிகாரியைக் கேட்டாராம். அவர் பதில் சொல்ல அவகாசம் கேட்டிருக்கிறார். 21ஆம் தேதி உங்கள் ஜாமீன் மனு வருகிறது. டீக்கடைக்காரர் கண்டது உண்மையாகத்தான் இருக்கும், சீப்பு வைத்திருந்தவனை இனியாவது தேடுவார்கள் என்கிறார் மேடம். தேட வேண்டும் அப்பா. அந்தப் பத்தொன்பது பேருக்கும் அதுதானே நியாயம்?

அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். யார் என்ன காகிதத்தை நீட்டினாலும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மே மாதம் போலீசார் நீட்டிய கன்னடக் காகிதத்தில் போட்டதைப் போலக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அந்தப் போட்டோவின் பிரதி ஒன்று என் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் நான் உங்களை விட்டு மூன்று பேர் தள்ளி நின்று வேறு பக்கம் பார்க்கிறேன். கோர்ட்டுக்கு அந்தப் படம் போதும். எனக்குப் போதாது. நீங்கள் வந்ததும் மலையில் இன்னொன்று எடுக்க வேண்டும். மொட்டையோடு, தொப்பி இல்லாமல். பக்கத்திலேயே நான் நிற்கிறேன். சீக்கிரம் வாருங்கள் அப்பா.

உங்கள் கால் தொட்டு வணங்கும்,
தாரணி