தேதி கிழித்த சீட்டு

அண்ணா,

இன்று காலை உடுமலை உரக்கடையில் தென்னைக்கு மருந்து வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு விவசாயிக்குக் கடைக்காரர் மயில்துத்தம் நிறுத்துக்கொண்டிருந்தார். அந்த நீலத்தைப் பார்த்ததும் உங்கள் கடையும் கண்ணாடித் தொட்டிகளும் கண்முன் வந்துவிட்டன. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. உங்களை நினைத்தால் அழுகை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கோபந்தான் வருகிறது. அதைச் சொல்ல வேறு ஆளில்லை, உங்களுக்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் கடல் மீன் வளர்க்கிறேன் என்று கிளம்பினீர்களே, அந்தத் துணிச்சலை இப்போதும் மெச்சுகிறேன். "சிறுவாணித் தண்ணி பத்தாம இவனுக்குக் கடல் தண்ணி கேக்குது" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குக் கேரளாவிலிருந்து வரும் லாரிக்காரரைப் பிடித்து ட்ரம் ட்ரம்மாகக் கடல் தண்ணீர் இறக்கினீர்கள். ராமேஸ்வரம் பக்கமிருந்து ஆக்சிஜன் அடைத்த பைகளில் கோமாளி மீன்கள் வந்தன. வந்ததில் பாதி வாரம் தாண்டவில்லை.

நான் அப்போது அவிநாசி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மீனைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வந்து நிற்பீர்கள். "ஏங்கண்ணு, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு." உடம்பெல்லாம் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் பொட்டு இருக்கும். மீனின் மேலிருக்கும் வழுவழுப்பை மெல்லச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன். அதற்குக் கடல் தண்ணீர்தான் விடவேண்டும், குழாய்த் தண்ணீர் விட்டால் ஒட்டுண்ணி உப்பி உடைந்துபோகும். இரண்டு தரம் தப்பாகச் செய்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. சரியாகச் செய்த அன்று, உருண்டையாக, ஓரமெல்லாம் மயிர் துடிக்க, அது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. உங்களையும் பார்க்கச் சொன்னேன். "அட, செக்காட்டமல்ல சுத்துது" என்றீர்கள்.

பழைய புத்தகக் கடையில் அட்டையில்லாத மீன் நோய்ப் புத்தகம் ஒன்றை வாங்கி, அகராதி வைத்துப் படித்து உங்களுக்குச் சொன்னேன். பொட்டு என்பது தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி. சில நாளில் அது தானாகவே உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒன்று நூறாகி மறுபடியும் மீனைத் தேடி நீந்தி வரும். அப்படி நீந்தும்போது மட்டுந்தான் மயில்துத்தம் அதைக் கொல்லும். அதனால் மணல் போடாத வெறுந்தொட்டியில் மீனை விட்டு, துத்தத்தைத் தினமும் அளந்து, இருபத்தொரு நாள் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் பலனில்லை, கூடினால் மீனே செத்துவிடும். "பொட்டு மறஞ்சா வியாதி போச்சுன்னு நெனைக்காதீங்ணா" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

பார்த்த முடிவை ஆஸ்பத்திரிச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது என் தப்பு, மறுக்கவில்லை. அந்தச் சீட்டைத் தொட்டிமேல் ஒட்டிவைத்து, "எங்க அம்மணி டெஸ்ட் பண்ணுனதுங்க" என்று வருகிறவர்களிடம் சொல்வீர்கள். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பம்ப்செட் கம்பெனிக்காரர், தன் பழைய மீன்களோடு சேர்த்துப் புது வீட்டுத் தொட்டியில் விட எட்டு மீன் கேட்டார். எட்டுக்கும் பொட்டு வந்தது. துத்தம் போட்டோம். ஐந்தாம் நாள் பொட்டு மறைந்ததும் ஓடி வந்தீர்கள்.

"பளிச்சுனு ஆயிருச்சு அம்மணி. வெள்ளிக்கெழம அவுங்க ஊட்டுக்குப் பால் காச்சறாங்க. மீனக் கொண்டுபோயி உட்டர்லாமா?"

"இன்னும் பதினாறு நாள் இருக்குதுங்ணா. இப்ப உட்டா அவரோட பழைய மீனும் சேந்து போயிரும்."

"செரி செரி, நீ சொன்னாச் செரி."

தலையாட்டிவிட்டுப் போனீர்கள். வியாழக்கிழமையே கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள். பதினைந்து நாளில் அவருடைய தொட்டியில் ஒன்று மிச்சமில்லை. மூன்று வருடமாக அவர் கையால் தீனி போட்டு வளர்த்த மீன்களும் போயின. அவர் எங்கள் டாக்டருக்கு நண்பர் என்பது உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

டாக்டரின் அறைக்குள் நான் போனபோது நீங்கள் முன்பே அங்கே நின்றிருந்தீர்கள். மேசைமேல் என் கையெழுத்தில் 'ஒட்டுண்ணி காணப்படவில்லை' என்று ஒரு சீட்டு. சில மாதம் முன்னால் வேறொரு தொட்டிக்கு நான் எழுதியது. தேதி இருந்த ஓரத்தை மட்டும் ஸ்கேல் வைத்ததுபோல நேராகக் கிழித்திருந்தீர்கள்.

"இது பழைய சீட்டுங்க டாக்டர்" என்றேன்.

டாக்டர் உங்களைப் பார்த்தார். "அப்படியாப்பா?"

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "இல்லீங்க, போன மாசம் எழுதிக் குடுத்ததுதானுங்க. அம்மணி சொன்னான்னு நம்பிக் கொண்டுபோயி உட்டுப்போட்டனுங்க."

என் அண்ணன் வாயிலிருந்துதான் இது வருகிறதா என்று ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை அன்றுதான் நின்று பார்த்தேன். மனுசனுக்கு ரத்தம் பார்க்கிற இடத்தில் கையெழுத்துக்கு மதிப்பில்லாவிட்டால் எப்படியம்மா என்று டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை. கோயமுத்தூரில் ஒரு லேபுக்குத் தெரிந்தது எல்லா லேபுக்கும் தெரியும். இங்கே, என் வீட்டுக்காரருடைய ஊரில், சின்னதாக ஒரு லேப் வைக்கும்வரை நான்கு வருடம் நான் மைக்ரோஸ்கோப்பைத் தொடவில்லை.

நீங்களோ பொங்கலுக்குப் பொங்கல் தவறாமல் சீர் கொண்டுவந்தீர்கள். கரும்பு, சேலை, மஞ்சள் கொத்து. அண்ணன் கொண்டுவரும் சீரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வாங்கி வைத்து, சோறு போட்டு அனுப்பினேன். ஒரு பொங்கலுக்காவது வாயைத் திறப்பீர்கள் என்று பார்த்தேன். மழையைப் பற்றிப் பேசினீர்கள், தேங்காய் விலையைப் பற்றிப் பேசினீர்கள்.

போன வருடம் ஒருநாள் பஸ் பிடித்து என் லேபுக்கு வந்தீர்கள். உடம்பு பாதியாகியிருந்தது. கோயமுத்தூரில் தெருவுக்கு ஒரு லேப் இருக்க, இங்கே வந்து கையை நீட்டினீர்கள். ரத்தத்தை எடுத்துப் பார்த்தேன். வெள்ளை அணுக்கள் இருக்கவேண்டிய மாதிரி இல்லை. மூன்று சில்லு பார்த்தேன், மூன்றிலும் அப்படியே. மறைக்கவில்லை, சொன்னேன்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகோணுங்ணா."

நீங்கள் பதறவில்லை. "அங்கயும் இதத்தான் சொன்னாங்க. நீ பாத்தாத் தப்பாதுன்னு வந்தேன். அது எனக்கு அன்னைக்கே தெரியும் அம்மணி."

அறையில் நாம் இரண்டு பேர் மட்டுந்தான் இருந்தோம். அந்த டாக்டர் இல்லை, பம்ப்செட்காரர் இல்லை, அப்பாவும் இல்லை.

"தெரிஞ்சா அன்னைக்கு ஏனுங்ணா அப்படிச் சொன்னீங்க?"

மடித்துவிட்ட சட்டைக்கையை இறக்கிப் பொத்தான் போட்டீர்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று எழுந்தீர்கள். நான் பஸ் ஸ்டாண்டுவரை கூட வந்தேன். ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

உங்கள் காரியம் முடிந்த அன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அவரு மேல மனவருத்தம் ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க அம்மணி. அவரு நிம்மதியாப் போகட்டும்." சுற்றி உறவெல்லாம் நின்றது. சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லதுதான். நாக்கு நுனிவரை வந்தது.

"இருக்குதுங்க அண்ணி" என்றேன்.

கல்நெஞ்சுக்காரி என்று அண்ணி வீட்டுச் சனம் இன்னும் பேசுகிறதாம். பேசட்டும். இருப்பதை இல்லையென்று சொல்ல எனக்கு வராது. அது உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?